தலையாட்டுவதற்கு முன் கடைசி வரியைப் பாருங்கள்

(ஈப்போவில் நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப் போவது நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் விஷயம். போதைப்பொருள் வழக்கு. பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றால் அக்கம் பக்கத்தில் சொல்லக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்திலேயே முதல் இரண்டு மூன்று நாள்கள் போய்விடுகின்றன. பல வழக்குகளில் தோல்வி அந்த இரண்டு மூன்று நாள்களிலேயே தொடங்கிவிடுகிறது.

போதைப்பொருளுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே நிற்கவில்லை. புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் அது எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் செய்த தப்புக்கு மேலே தண்டனை வாங்குவதும், செய்யாத தப்புக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே போவதும் நம்மவர்களிடம் வழக்கமாகிக்கொண்டு வருகிறது. அதைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் குற்றச்சாட்டுத் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டத்தின் பெயர் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952. தாளில் மலாய் மொழியில் 'அக்தா டாடா பெர்பஹாயா' என்று இருக்கும். நம் வழக்குகளில் அடிக்கடி வருவது 12(2) பிரிவு, அதாவது போதைப்பொருள் வைத்திருந்த குற்றம். 12(2) மட்டும் என்றால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். கஞ்சா என்றால் 6-ஆவது பிரிவு. அதற்கும் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படிப்பட்ட வழக்கில் அபராதம் கட்டிவிட்டு வெளியே வரும் வாய்ப்பாவது இருக்கிறது.

ஆனால் அந்தத் தாளில் கடைசி வரி ஒன்று உண்டு. 'டான் போலே டிஹுக்கும் டி பாவா செக்ஷன்...' என்று வரும். 'இந்தப் பிரிவின் கீழ் தண்டிக்கப்படலாம்' என்று பொருள். அங்கே 39ஏ(1) என்று இருந்தால் குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை, 3 முதல் 9 பிரம்படி. 39ஏ(2) என்று இருந்தால் குறைந்தது 5 ஆண்டு, ஆயுள் சிறை வரை போகலாம், பிரம்படி 10-க்குக் குறையாது. இரண்டிலும் அபராதம் கட்டிவிட்டுத் தப்பிக்கும் வழி இல்லை. மேலே 12(2) என்று இருப்பதைப் பார்த்து 'சின்ன கேஸ்தான்' என்று நினைக்கிறவர்கள் கடைசி வரியைப் பார்ப்பதில்லை. யாரும் எடுத்துச் சொல்வதும் இல்லை.

எந்த வரி வரும் என்பதை எடைதான் முடிவு செய்கிறது. ஹெரோயின் 2 கிராமைத் தொட்டால் 39ஏ(1), 5 கிராமைத் தொட்டால் 39ஏ(2). ஷாபு 5 கிராமிலிருந்து 39ஏ(1), 30 கிராமிலிருந்து 39ஏ(2). கஞ்சா 20 கிராமிலிருந்தும் 50 கிராமிலிருந்தும். அதற்கும் மேலே ஹெரோயின் 15 கிராம், ஷாபு 50 கிராம், கஞ்சா 200 கிராம் என்று வந்துவிட்டால் 37-ஆவது பிரிவின்படி கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். அது 39பி பிரிவு. அங்கே மரண தண்டனை இருக்கிறது. 2023 ஜூலை 4-ஆம் தேதி முதல் அது கட்டாயமில்லை. நீதிபதி ஆயுள் சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் கொடுக்கலாம். கட்டாயம் போனது பல ஆண்டுப் போராட்டத்தின் பலன்தான், ஆனால் மரண தண்டனையே போய்விட்டதாக யாரும் நம்பிவிட வேண்டாம்.

இந்த எடை எந்த எடை என்று கேளுங்கள். போலீஸ் நிலையத்தில் பொட்டலத்தோடு சேர்த்து நிறுத்த எடையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஜபாத்தான் கிமியா, அதாவது இரசாயனத் துறை, சோதித்துப் பார்த்து உள்ளே இருக்கும் சுத்தமான போதைப்பொருள் எத்தனை கிராம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். தெருவில் விற்கும் ஹெரோயின் தூளில் கலப்படம்தான் அதிகம். கைப்பற்றிய தூள் 10 கிராம் என்றால் உள்ளே இருக்கும் ஹெரோயின் 2 கிராமுக்கும் கீழே இருக்கலாம். அப்படியானால் 39ஏ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகையால்தான் இரசாயன அறிக்கை வருவதற்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். கேஸ் 'செபுத்தான்' என்று பல மாதம் தள்ளிப்போவது பெரும்பாலும் அந்த அறிக்கைக்காகத்தான். அந்த மாதங்களை வீணாகக் கழிக்காமல் லாயர் தேடப் பயன்படுத்துங்கள்.

ஒப்புக்கொள்வது என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305-ஆவது பிரிவின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் தண்டனை அதிகம், அல்லது அது சட்டப்படி இல்லை என்று மட்டும்தான் மேல்முறையீடு செய்யலாம். 'நான் செய்யவில்லை' என்று பிறகு சொல்ல அந்தக் கதவு மூடிவிடும். லோக்காப்பில் பக்கத்தில் படுத்திருப்பவன் 'ஒத்துக்கோடா, சீக்கிரம் முடிஞ்சிடும்' என்பான். சில நேரம் வீட்டில் உள்ளவர்களே அலைச்சல் தாங்காமல் அப்படித்தான் சொல்வார்கள். முடிவது என்னவோ உண்மைதான். 39ஏ(2)-இல் ஒப்புக்கொண்டால் குறைந்தது 5 ஆண்டும் பத்து அடியும் என்று முடியும்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு மலாய் மொழியில் வாசிக்கப்படும். தமிழில்தான் முழுமையாக விளங்கும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நீதிபதி 'ஃபஹாம்?' என்று கேட்டதும் பயத்தில் 'ஃபஹாம்' என்று சொல்லிவிடாதீர்கள். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். லாயர் வைக்கத் தேதி வேண்டும் என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்கு லாயர் தேவையில்லை, பையனே சொல்லலாம்.

இனி 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்கு வருவோம். சட்டத்தில் இதற்கு இரண்டு கால் உண்டு. ஒன்று, பொருள் உன் காவலிலோ கட்டுப்பாட்டிலோ இருந்ததா? இரண்டு, அது என்ன பொருள் என்று உனக்குத் தெரியுமா? இரண்டும் இருந்தால்தான் குற்றம். மூன்று பேர் தங்கியிருக்கும் வீட்டில் நடுக்கூடத்து அலமாரிக்கு மேலே பொட்டலம் கிடைத்தால் அது யாருடைய கட்டுப்பாடு? நண்பனிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் இருந்தால்? அறைச் சாவி யார் யாரிடம் இருந்தது, கதவு பூட்டியிருந்ததா, பையில் வேறு யாருடைய துணியோ பில்லோ இருந்ததா என்ற சில்லறைக் கேள்விகளில்தான் இந்த வழக்குகள் நிற்பதும் விழுவதும். போலீஸ் வந்துபோன அன்றே வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை பேர், எந்த அறையில் எதை எடுத்தார்கள், அப்போது யார் யார் அங்கே இருந்தார்கள் என்று எல்லாவற்றையும். வீட்டைச் சோதித்து எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் போட வேண்டும், அதன் நகலை வீட்டில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 37(டி) பிரிவின்படி, போதைப்பொருள் உள்ள ஒரு பொருள் உங்கள் காவலில் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், அது உங்களுடையது, உங்களுக்குத் தெரிந்துதான் வைத்திருந்தீர்கள் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில் வந்து விழும். சாதாரணத் திருட்டு வழக்கில்கூட இல்லாத பாரம் இது. இந்த அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை ஏற்றி, தெரிந்து வைத்திருந்தாய், ஆகவே கடத்தினாய் என்று போகக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 1998-இல் முகமட் ஹசான் வழக்கில் சொன்னது. அதைச் சுற்றிப் போவதற்காக 2014-இல் 37ஏ என்ற புதுப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். 2019 ஏப்ரல் 5-ஆம் தேதி அல்மா நூடோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தப் பிரிவு அரசியலமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று அதைத் தூக்கிவிட்டார்கள். வழக்காடியவர்கள் பிலிப்பின்ஸ், தாய்லாந்து நாடுகளைச் சேர்ந்த இரண்டு பெண்கள். நம் நாட்டவர்கூட இல்லை. அவர்களுக்காக நின்ற லாயர்கள் விடாப்பிடியாக வாதாடியதால் இன்று நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பலன் கிடைக்கிறது. நல்ல லாயர் என்றால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

பிடித்த முதல் நாளுக்கு வருவோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதியின்படி, ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், தன் விருப்பப்படி ஒரு லாயரைக் கலந்துபேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டு போக வேண்டும். 2007-இல் சேர்த்த 28ஏ பிரிவின்படி, விசாரிக்கத் தொடங்கும் முன்பே உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லவும், லாயரிடம் பேசவும் உரிமை உண்டு என்று போலீஸே தெரிவிக்க வேண்டும். விலக்குகளும் எழுதி வைத்திருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனாலும் கேட்காத உரிமை தானாக வந்து மடியில் விழாது. போலீஸ் நிலையத்துக்குப் போனதும் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: விசாரணை அதிகாரியின் பெயர், எந்தப் பிரிவில் விசாரிக்கிறார்கள், ரிமாண்டுக்கு எந்த நீதிமன்றத்துக்கு எத்தனை மணிக்குக் கொண்டு போகிறார்கள். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் ரிமாண்ட் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றம் என்றால் 7 நாளும் இன்னொரு 7 நாளும். ரிமாண்ட் கேட்கும்போதே லாயர் அங்கே இருந்தால் நாள் குறையும், பையன் உடம்பில் காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அப்போதே சொல்ல முடியும்.

வாக்குமூலம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பேசுவதா, வாயை மூடிக்கொள்வதா? இரண்டிலும் ஆபத்து உண்டு. தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்பது உண்மை. இந்தச் சட்டத்தின் கீழ் எச்சரிக்கை வாக்குமூலம் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக வரலாம் என்பதும் உண்மை. ஆனால் பொட்டலம் இன்னொருவருடையது, அவர் பெயர் இது, டெலிபோன் நம்பர் இது என்று சொல்வதற்கு இருந்தால் அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். 1996-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அல்காந்தாரா வழக்கிலிருந்து வந்த பாடம் இது. ஆரம்பத்தில் கொடுத்த பெயரைப் போலீஸ் தேடிப் பார்க்காமல் விட்டால் அது அரசுத் தரப்பின் ஓட்டை. இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறி முதன்முதலாகச் சொன்னால் 'இப்போது கட்டிய கதை' என்று தள்ளிவிடுவார்கள். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை லாயரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். லாயர் முதல் நாளிலேயே வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

சரி, லாயரை எங்கே தேடுவது? தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு பிரச்சினை என்றால் கிராணி, மண்டோர், சங்கத்துத் தலைவர் என்று யாராவது போலீஸ் நிலையத்துக்குக் கூட வருவார்கள். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயம் போய்த் தாமான் வந்து, நாம் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டோம். கூட வர ஆள் இல்லை. அந்தக் காலி இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பவன் புரோக்கர். நீதிமன்ற வாசலிலும் போலீஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையிலும் நிற்பான். 'ஐயாவை எனக்குத் தெரியும், ஐயாயிரம் கொடு, கேஸை இறக்கிடலாம்' என்பான். தாலியை அடகு வைத்துக் கொடுத்த பணம் அவன் பையோடு போய்விடும். போலீஸுக்கு என்று சொல்லிப் பணம் கொடுத்தால் கொடுத்தவரும் ஊழல் தடுப்புச் சட்டத்தில் குற்றவாளிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

காசு இல்லாதவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, சுருக்கமாக வை.பி.ஜி.கே. 2012 முதல் அதன் லாயர்கள் ரிமாண்ட் விசாரணைகளில் இலவசமாக நிற்கிறார்கள். நீதிமன்றத்தில் அவர்களைக் கேளுங்கள். வழக்கு விசாரணைக்கும் வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். ஈப்போவில் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. ஒரு வருத்தமான செய்தி, அறக்கட்டளையின் உதவி பொதுவாகக் குடிமக்களுக்குத்தான். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டு, இன்னும் நீல அடையாள அட்டை கிடைக்காத நம் பிள்ளைகள் மலேசியர்களாக எண்ணப்படுவதில்லை. அவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் மையத்தைத்தான் நாட வேண்டும். 39பி வழக்கில் லாயர் வைக்க வசதி இல்லையென்றால் உயர் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். நியமிக்கப்பட்டவர்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள், அவரைப் போய்ப் பாருங்கள், நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள்.

காசு கொடுத்து வைப்பவர்கள் அந்த ஆண்டின் தொழில் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்று வழக்கறிஞர் மன்றத்தின் பெயர்ப் பட்டியலில் பாருங்கள். நிலம், வீட்டுக் கடன் பத்திரம் மட்டும் பார்க்கும் லாயர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் இந்த வேலைக்கு அவர் ஆள் இல்லை. '39ஏ, 39பி வழக்குகளை முழு விசாரணை வரை நடத்தியிருக்கிறீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். 'நீதிமன்றத்துக்கு நீங்களே வருவீர்களா, வேறு யாரையாவது அனுப்புவீர்களா?' கட்டணம் எதற்கெல்லாம் என்று எழுதி வாங்குங்கள். ரிமாண்டுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, மேல்முறையீடு தனியா என்று தெரிய வேண்டும். ரசீது கட்டாயம். ஜாமீன் பணம் நீதிமன்றத்தில் கட்டுவது, அது லாயர் கட்டணம் இல்லை. வழக்கு முடிந்ததும் திரும்ப வரும். 39ஏ(2), 39பி என்றால் 41பி பிரிவின்படி ஜாமீனே கிடையாது, ஆகவே அதற்கு ஜாமீன் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிச்சயம் ஜெயித்துத் தருகிறேன் என்பவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ் லாயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பையன் சொல்வது அவருக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்ல லாயர் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைச் சொல்லி வைக்கிறேன், கேட்டுப் பார்க்க உதவும். 51ஏ பிரிவின்படி அரசுத் தரப்பு தன் ஆவணங்களை விசாரணைக்கு முன்பே கொடுக்க வேண்டும், அதை அவர் வாங்கிப் படித்திருக்க வேண்டும். இன்னொன்று 'ரெப்ரசென்டேஷன்'. குற்றச்சாட்டைக் குறைக்கச் சொல்லித் துணை அரசு வழக்கறிஞருக்கு எழுதும் கடிதம். 39பி என்று தொடங்கிய வழக்கு 39ஏ(2) ஆவதும், 39ஏ(2) வெறும் 12(2) ஆவதும் பெரும்பாலும் இப்படித்தான். புரோக்கர் 'இறக்கித் தருகிறேன்' என்று விற்கும் சரக்கு இதுதான். சட்டப்படி எழுதிக் கேட்டாலே பரிசீலிப்பார்கள்.

சிறுநீர்ச் சோதனை வழக்கையும் சொல்லியாக வேண்டும். 15(1)(ஏ) பிரிவு. 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, பிறகு கண்காணிப்பு. லேசானது என்று நினைத்து ஒப்புக்கொண்டு போகிறார்கள். ஆனால் இரண்டு முறை இப்படித் தண்டனை வாங்கியவர், அல்லது ஒரு தண்டனையும் ஒரு தடவை மறுவாழ்வு மையமும் போய்வந்தவர், மூன்றாம் முறை பிடிபட்டால் 39சி பிரிவின்படி குறைந்தது 5 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு, மூன்று அடி வரை. விற்கவில்லை, கையில் பொட்டலம்கூட இல்லை, சிறுநீரில் இருந்ததற்கே ஐந்து ஆண்டு.

சில பிள்ளைகளை நீதிமன்றம் விட்டாலும் வாசலிலேயே மறுபடி பிடிக்கிறார்கள். அது 1985-ஆம் ஆண்டு சிறப்புத் தடுப்பு நடவடிக்கைச் சட்டம். விசாரணைக்காக 60 நாள் வரை, பிறகு அமைச்சரின் ஆணையில் 2 ஆண்டு வரை வழக்கே இல்லாமல் வைக்கலாம். இசா சட்டத்தை எதிர்த்து ஊர் முழுக்கப் பேசினார்கள், இதற்காகக் குரல் கொடுப்பவர் குறைவு, உள்ளே இருப்பவர்கள் ஏழைகள் என்பதால். இதில் ஆணையின் நடைமுறைத் தவறுகளைக் காட்டி ஹேபியஸ் கார்ப்பஸ் மனு போடலாம். இதற்கென்றே பழக்கப்பட்ட லாயர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள்.

கடைசியாக எல்லைக்கு அப்பால் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. தஞ்சோங் ரம்புத்தான் பையன் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் ஊட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராம் ஹெரோயினோடு பிடிபட்டார். அறிவுத்திறன் சோதனையில் 69 என்று பதிவானவர். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி சிங்கப்பூர் அவரைத் தூக்கிலிட்டது. ஈப்போ பன்னீர்செல்வம் பரந்தாமன் 2014-இல் 51.84 கிராமோடு பிடிபட்டு 2025 அக்டோபர் 8-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். பொருளைக் கொண்டு போனவர்கள் மட்டும்தான் அவர்கள், முதலாளிகள் இல்லை. கொண்டு போனவர் என்று நிரூபித்தாலும், மனநலக் குறைபாட்டை நிரூபிக்க முடியாதவர் அரசு வழக்கறிஞரின் ஒத்துழைப்புச் சான்றிதழ் இல்லாமல் அங்கே உயிர் தப்ப வழியில்லை. இருவருக்கும் அது கிடைக்கவில்லை. இங்கே கட்டாய மரண தண்டனை போய்விட்டது, அங்கே போகவில்லை. கடன் அடைக்கிறேன், ஒரு பையை மட்டும் எல்லை தாண்டிக் கொடுத்துவிடு என்று உங்கள் பிள்ளையிடம் யாராவது பேசினால், ஒரு பாலத்தின் இரண்டு முனையிலும் சட்டம் வேறு வேறு என்று சொல்லிக் கொடுங்கள்.

தண்டனை ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 14 நாள்தான். சிறையில் இருந்தபடியே சிறை அதிகாரி வழியாகவும் கொடுக்கலாம். தாப்பாவிலோ தைப்பிங்கிலோ பிள்ளை இருந்தால் அடுத்த முறை பார்க்கப் போகும்போது தீர்ப்புத் தேதியைக் கேட்டு வாருங்கள். குற்றச்சாட்டுத் தாள் கையில் வைத்திருப்பவர்கள் கிளம்ப வேண்டாம், முன்வரிசைக்கு வாருங்கள், கடைசி வரியை ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிப்போம்.